தண்ணீர் முறைக் கட்டத்தில் என் பெயர்

போன தீபாவளிக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தபோது பெரியவன் தன் ஆபீஸ் வேலையை எனக்கு விளக்கினான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதுகிறார்கள். கண் தெரியாதவர்களுக்கு அதை ஒரு குரல் படித்துச் சொல்கிறது. கட்டம் காலியாக இருந்தாலோ, இரண்டு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டாலோ, தலைப்பு இல்லாமல் விட்டாலோ கேட்கிறவருக்கு வழி தவறிவிடும். அப்படித் தவறாமல் கட்டங்களைத் திருத்திக் கொடுப்பது இவன் வேலை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "புரியுதாப்பா?" என்று கேட்டான். எனக்குப் புரிந்தது. உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது. அவள் எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாளே, அதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. அந்தச் சிரிப்புக்குக் காரணம் உங்களில் யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். எலப்புள்ளிப் பக்கம் எங்களுக்கு விவசாயம்தான். முதல் போகம் மழையில் விளைந்துவிடும். இரண்டாம் போகத்தை முண்டகன் என்போம். அதற்குக் கனாலில், அதாவது வாய்க்காலில், தண்ணீர் வந்தால்தான் உண்டு. அணையில் எப்போது திறப்பார்கள், எத்தனை நாள் விடுவார்கள் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் கிளைக் கனாலில் வந்த தண்ணீரை யார் யார் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திருப்பிக்கொள்வது என்பதை ஊர்க்காரர்களே பிரித்துக்கொள்வார்கள். அந்த முறையைச் சொல்கிறவர் உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன். பொழுது சாய்ந்ததும் ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்து, "ஏனுங்க, நாளைக்கு யாருக்குங்க தண்ணி?" என்று கேட்பார்கள். அண்ணன் சொன்னால் சொன்னதுதான். எவ்வளவு பெரிய பண்ணையம் வைத்திருந்தவரும் அதற்கு மேல் பேசமாட்டார்.

அவர் சொல்வதை வாராவாரம் கட்டம் போட்டு எழுதுகிறவன் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழே பெயர்கள், மேலே கிழமைகள், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எழுதுவேன். பகல் முறைக்கு நீல மை. பொழுது சாய்ந்த பிறகு வரும் முறைக்குச் சிவப்பு மை. மேல் வரியில் உள்ளதே கீழ் வரியிலும் வந்தால் இரண்டு சின்னக் கோடு. இரண்டு பேர் ஒரு முறையைப் பங்கு போட்டுக்கொண்டால் இரண்டு வரியையும் ஒரு வளைவு போட்டு அணைத்து, நடுவில் மணியை எழுதுவேன். முறை இல்லாத கட்டம் வெள்ளையாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சடித்ததுபோல இருக்கும் என்று கனால் ஓவர்சியரே சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் அண்ணனுக்குக் கண் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்து, கோயமுத்தூரில் காட்டியபோது நரம்பு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வரப்பில் நடப்பதற்குக் கையில் ஒரு தடி எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் வெளியே பேச்சு எழுந்தது. கனால் தலைப்பில் வயல் வைத்திருந்த மேல்மடைக்காரர் எங்களுக்குப் பங்காளி முறை. அவர் ஒருநாள் வாசலில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க பங்காளி, நீங்க நல்லாத்தான் பாத்துட்டு இருந்தீங்க. ஆனா கண்ணில்லாம கட்டத்தப் பாக்க முடியுங்களா? இந்தப் போகத்துக்கு வேணும்னா இருங்க. ஒரு பிசகு வந்துதுன்னா நான் எடுத்துக்கறேன்."

"வந்தா எடுத்துக்கங்க" என்றார் அண்ணன்.

அவருக்கு அந்த ஒரு வேலைதான் மிச்சம் இருந்தது. ஏர் பிடிக்க முடியாது. சந்தைக்குத் தனியாகப் போக முடியாது. சாயங்காலம் நாலு பேர் வந்து கேட்பதும் இவர் சொல்வதும் போய்விட்டால் அவர் வெறுமனே சோறு தின்கிற ஆள் ஆகிவிடுவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் கட்டத்தை நான் படித்துச் சொல்ல உட்கார்ந்தேன்.

"ஆறு எட்டு, ஒம்பது பத்தரை, ஆறு எட்டு, நாலு ஆறு…"

"இருடா. எது ஆறு? யாருக்கு எட்டு?"

"மேல்மடைக்காரருக்குங்ண்ணா."

"எந்தக் கெழமைக்கு?"

நான் விரலை மேலே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "செவ்வாய்."

"காலைலயா, பொழுது சாஞ்சா?"

"செவப்பு மையில இருக்குதுங்ண்ணா."

"செவப்பு என்ற காதுக்கு எப்பிடீடா தெரியும்? நீ என்னமோ ஏலத்துல கூவறவனாட்ட கூவிட்டே போறே."

காலிக் கட்டம் வந்தால் நான் வாயைத் திறக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவேன். ஒன்றும் எழுதாத இடத்தை என்னவென்று படிப்பது? ஆனால் அவர் மனசுக்குள் கிழமையை எண்ணிக்கொண்டு வந்தவர். நான் ஒரு காலிக் கட்டத்தைத் தாண்டினால் அவர் கணக்கில் புதன் செவ்வாயாகிவிடும். வரியின் கடைசிக்கு வரும்போது அவர் எங்கேயோ இருப்பார், நான் எங்கேயோ இருப்பேன். இரண்டு வாரம் இப்படியே ஓட்டினோம். எப்படியோ தப்பித்தோம்.

உங்கள் அம்மா பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டாவது வரை படித்தவள். நான் ஏழாவது. அந்த ஒரு வகுப்பு வித்தியாசம் எனக்கு அப்போதும் ஞாபகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. புருஷனுடைய அண்ணனை மச்சாண்டார் என்பார்கள். மச்சாண்டார் எதிரில் தம்பி மனைவி வரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் முன்கூடத்தில் இருந்தால் அவள் சமையலறையில் இருப்பாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் மரக்கம்பி வைத்த சின்ன ஜன்னல். நான் படித்ததையெல்லாம் அவள் அந்தப் பக்கம் மாவரைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் உங்கள் பெரியம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, உங்க தம்பி பொண்டாட்டி என்னமோ சொல்றா" என்றார்.

"என்னவாம்?"

பெரியம்மா உள்ளே திரும்பிக் கேட்டுவிட்டு வந்தார். "மொதல்ல ஆரு வயலுன்னு சொல்லோணுமாம். அப்பறம் கெழம. அப்பறம் காலைலயா பொழுதோடயான்னு. அப்பறந்தான் மணியாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அப்பிடியே முழுசாச் சொல்லோணுமாம்."

"அத்தனையும் திருப்பித் திருப்பிச் சொன்னா விடிஞ்சுரும்" என்றேன் நான்.

"நீ படிச்சு எனக்கு எப்ப விடிஞ்சுது?" என்றார் அண்ணன். "அந்தப் புள்ளையப் படிக்கச் சொல்லு."

தாள் ஜன்னல் வழியே உள்ளே போனது. முதலில் அவள் பெரியம்மா காதில் சொல்ல, பெரியம்மா உரக்கச் சொன்னார். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. நடுவில் அவர் சொந்தமாக இரண்டு விஷயம் சேர்த்தார். ஒருவருக்குத் தண்ணீர் முறையோடு அவர் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டு விவரமும் வந்தது. அண்ணன் சிரித்துவிட்டார்.

"இந்தத் தபாலாபீசு வேண்டாம். அம்மிணி, நீயே சொல்லு. நடுவுல செவுரு இருக்குதில்ல, அக்கட்டயே இருந்து சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. முதலில் மேல்மடைக்காரரின் பெயர். பிறகு, "செவ்வாக்கெழம, பொழுது சாஞ்ச பொறவு, ஆறுலருந்து எட்டுங்க. புதங்கெழம, தண்ணி இல்லீங்க. வியாழக்கெழம, தண்ணி இல்லீங்க. வெள்ளிக்கெழம, காலைல, ஒம்பதுலருந்து பத்தரைங்க." அவசரமே இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து அவர் கையில் வைப்பதுபோல இருந்தது. சின்னக் கோடு போட்ட இடத்தில் மேல் வரியைப் பார்த்து முழுசாகச் சொன்னாள். நான் வளைவு போட்டு அணைத்திருந்த இடத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி, "இவங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பாதிங்க" என்றாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில், "வியாழக்கெழமைய மட்டும் மேல இருந்து கீழ சொல்லு அம்மிணி" என்பார். அவள் அதையும் சொல்லுவாள். முடிந்ததும் அவர் முகம் கண் இருந்த காலத்து முகம்போல ஆனது.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம் அது. அதன் அழகு அவளுக்கு ஒன்றுமே இல்லை. கோட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தக் குரல். கல்யாணமாகி அத்தனை மாசத்தில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் "சோறு ஆறுதுங்க", "மாட்டுக்குத் தண்ணி வெச்சாச்சுங்க" என்பதுதான். இவ்வளவு நேரம், இவ்வளவு நிதானமாக, ஒருவருக்குப் புரியவேண்டுமே என்ற கவலையோடு அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலை என் அண்ணன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர். கண் இல்லாதவர். நடுவில் சுவர். இத்தனையும் தெரிந்தும் வயிறு எரிந்தது.

அதிலும் பெரிய எரிச்சல் பெயர்கள்தான். புருஷன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மச்சாண்டார் பெயரையும் சொல்லக்கூடாது. கட்டத்தில் ஊரில் உள்ள எல்லா ஆம்பளையின் பெயரும் இருந்தது. அத்தனையும் அவள் வாயில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மரியாதையோடு. அண்ணன் வயல் வந்தால் "பெரியவங்களுது" என்பாள். என் வரி வந்தால் "நம்மூட்டுது" என்பாள். மேல்மடைக்காரருக்கு நீளமான பெயர். அதை அவள் மூச்செடுத்துச் சொல்லும்போது பாட்டின் முதல் அடிபோல இருக்கும்.

அவள் படிக்கிற நேரத்தில் எனக்கு அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வேலை வந்துவிடும். கயிறு முறுக்குவேன், அரிவாளுக்குப் பிடி போடுவேன். ஒருநாள் சோறு போடும்போது கேட்டே விட்டேன்.

"எல்லார் பேரையும் ரொம்ப மருவாதியாப் படிக்கறியே."

"பின்ன, கடிச்சுத் துப்பறதுங்களா?"

"மேல்மடைக்காரர் பேரு மட்டும் ராகமா வருது."

"நீளமான பேருங்க. மூச்சு வாங்குது."

"என்ற பேரு நீளமில்ல."

அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "அத எதுக்குங்க நான் சொல்லோணும்? நீங்கதான் தெனமும் இங்கயே நிக்கறீங்களே, கயித்த வெச்சுட்டு" என்றாள்.

பழைய கயிறு ஏதும் மிச்சமில்லாததால் மறுநாள் புதுக் கயிறு வாங்கி வந்தேன்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சொல்லப்போனால் அண்ணனுக்குக் கண் இருந்த காலத்தைவிட நன்றாக. அப்போதுதான் கடைமடைக்காரர் ஊர் திரும்பினார். கனால் வாலில் அவருக்கு ஒரு வயல். கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்குப் போனவர், என் கல்யாணத்துக்கு முன்பே போனவர், அந்த மாசம் வந்து பிந்தி நடவு போட்டிருந்தார். அவருக்கும் ஒரு முறை கொடுக்கும்படி அண்ணன் சொன்னார். அந்த வாரத்துக் கட்டத்தில் கீழே ஒரு வரி சேர்த்து அவர் பெயரை எழுதினேன். அவர் பெயரும் என் பெயரும் ஒன்று. எங்கள் பக்கம் ஊருக்கு ஒன்றிரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும். எழுதுகிற எனக்கு எது நான், எது அவர் என்று தெரியும்; அதனால் வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை அவள் அதைப் படித்தபோது நான் உரம் வாங்கப் பாலக்காட்டுக்குப் போயிருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் அவள் கொஞ்சம் நின்றிருக்கிறாள். கடைமடைக்காரரை அவள் பார்த்ததே இல்லை. இந்த ஊரில் அந்தப் பெயரில் அவளுக்குத் தெரிந்தது நான் ஒருவன்தான். "இதும் நம்மூட்டுதுங்க. இன்னிக்கு, சனிக்கெழம, பொழுது சாய, அஞ்சுலருந்து ஏழு" என்று சொல்லிவிட்டாள். அண்ணன், கடைமடைக்காரர் இந்த வாரம் வேண்டாம் என்றிருப்பார், அந்த நேரத்தை நான் எங்கள் கடலைக் காட்டுக்குச் சேர்த்துக்கொண்டேன்போல என்று நினைத்திருக்கிறார். அவள் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் உடனே, "எந்த ஆளு?" என்று கேட்டிருப்பார். அவருக்கு இரண்டு பேரையும் தெரியும். பெயர் அவர் காதுக்கு வரவே இல்லை. மடை திறக்கிற ஆள் அவர் சொன்னபடி எங்கள் கடலைக் காட்டுக்குத் திருப்பிவிட்டார். நான் இருட்டிய பிறகு உரமூட்டையோடு வந்து படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் நிறைய ஆட்கள். முன்னால் மேல்மடைக்காரர். அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு கடைமடைக்காரர்.

"ஏனுங்ண்ணா" என்றார் கடைமடைக்காரர். "சனிக்கெழம எனக்குன்னு சொல்லித்தான போன வாரம் அனுப்புனீங்க? மடைக்கிட்ட ரெண்டு மணி நேரம் மண்வெட்டியப் புடிச்சுட்டு நின்னனுங்க. ஒரு சொட்டு வல்ல."

அண்ணன் பதில் சொல்வதற்குள் மேல்மடைக்காரர் சொன்னார். "எப்பிடி வரும்? அது இவங்க கடலக்காட்டுல நிக்குது. பங்காளிக்குக் கண்ணு தெரியாட்டியும் சொந்தக் காடு மட்டும் நல்லாத் தெரியுதாட்ட இருக்குது."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் வாழ்நாளில் ஒருவர் தண்ணீரை எடுத்தவரில்லை. தன் வயல் காய்ந்தாலும் அடுத்தவர் முறையில் கை வைக்காதவர். அவர் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி, தாளக் கொண்டா. கடைசி வரியப் படி" என்றார்.

நான் படித்தேன். பெயர், கிழமை, மணி. இந்த முறை முழுசாகவே படித்தேன். பெயரைச் சொன்னதுமே அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது. அதைச் சொல்வதென்றால், தம்பி மனைவிதான் தனக்குக் கட்டம் படித்துச் சொல்கிறாள் என்பதிலிருந்து அண்ணன் தொடங்க வேண்டும். நாலு பேர் நடுவில் அவளை இழுத்து நிறுத்த அவர் தயாராக இல்லை.

"தப்பு என்னோடது" என்றார். "என்ற முறைய இந்த வாரம் பூரா அவரு எடுத்துக்கட்டும்."

"தண்ணிய எடுத்துக்கறது இருக்கட்டுங்க" என்றார் மேல்மடைக்காரர். "பிசகு வந்தா நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன். வந்துருச்சு. தாள இப்பிடிக் குடுங்க."

அண்ணன் என் பக்கம் கை நீட்டினார், தாளை வாங்கிக் கொடுப்பதற்காக. அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த வரியப் படிச்சது நானுங்க."

வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பிக்கு அப்பால் யாரும் தெரியவில்லை.

"பேரச் சொல்ல வாய் வராம நம்மூட்டுதுன்னு சொல்லீட்டேன். பெரியவங்க கேட்டது அதுதானுங்க. எழுதியிருந்தது வேறங்க." பிறகு அவள் என் பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக, மற்றவர்கள் பெயரைச் சொல்வதுபோலவே பின்னால் மரியாதை வைத்து, உரக்க. "கடமடை வயலு. சனிக்கெழம, பொழுது சாய, அஞ்சுலருந்து ஏழு. அவங்க தண்ணிங்க அது."

முதலில் சிரித்தவர் கடைமடைக்காரர். "அட, என்ற பேருதானுங்களா அந்தப் புள்ளைக்கு வாயில வல்ல? என்ற ஊட்டுலயும் அப்பிடித்தான். பக்கத்து ஊட்டுப் பையனுக்கு என்ற பேருங்க. என்ற சம்சாரம் அவன இன்னி வரைக்கும் 'ஏ பையா'ன்னுதான் கூப்புடுவா." எல்லோர் வீட்டிலும் அதே கதைதான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சிரிப்பில் கோபம் போய்விட்டது. மேல்மடைக்காரர் மட்டும் சிரிக்காமல், "செரி, இன்னிக்கு இது. நாளைக்கு இன்னொரு பேரு வாயில வராது. அப்ப?" என்றார்.

"இனிப் பிசகு வராதுங்க" என்றார் அண்ணன். "எழுதறதையே மாத்திக்கறோம். அடுத்த சனிக்கெழம வந்து உக்காந்து நீங்களே கேளுங்க. பிடிக்கலீன்னா தாள நீங்க எடுத்துட்டுப் போலாம்."

அன்றைக்கு அண்ணனின் மானம் தப்பியது. உங்கள் அம்மா செய்தது பெரிய காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அத்தனை மாசம் அந்த ஒரு பெயருக்காக ஜன்னலடியில் கயிறு முறுக்கியவன் நான். அது வந்தது. ஊரே கேட்கும்படி வந்தது. வந்தது என் அண்ணனுக்காக. குறித்தது இன்னொரு ஆளை. கடைமடைக்காரர் போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அவரோடு அதற்குப் பிறகு எத்தனையோ வேலைகள் சேர்ந்து செய்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து புதுக் கட்டம் போட்டேன். ஆட்களின் பெயர் ஒன்றுகூட வேண்டாம் என்பது என் யோசனை. எல்லோரும் அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்றார்கள். என் மனசில் இருந்தது மேல்மடைக்காரரின் நீளமான பெயர் இனி அவள் வாயில் வரக்கூடாது என்பது. ஒவ்வொரு வரிக்கும் வயலின் அடையாளத்தை எழுதினேன்: புளியமரத்து வயல், கல்லுக்கட்டுக் கிணற்று வயல், கடைமடை வயல். ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக்கூடாது என்று அண்ணனிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். சிவப்பு மைப் புட்டியை மூடிவைத்துவிட்டுக் 'காலை', 'பொழுது சாய்ந்து' என்று கட்டத்துக்குள்ளேயே எழுதினேன். வளைவு போட்டு அணைப்பதை நிறுத்தினேன். பங்கு முறை என்றால் இரண்டு வரியிலும் தனித்தனியாக 'பாதி'. சின்னக் கோடு கிடையாது. காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லாமல் 'தண்ணீர் இல்லை' என்று எழுதி எழுதிக் கை வலித்தது. தாளின் உச்சியில் இது எந்த வாரத்து முறை, எத்தனை வயல் என்று ஒரு வரி. பார்ப்பதற்குப் பழையதுபோல அழகாக இல்லை, எழுத்து மண்டிக் கிடந்தது. ஓவர்சியர் பார்த்துவிட்டு, "என்ன இது, காடு மாதிரி?" என்றார்.

அந்தத் தாளில் எங்கள் வரிக்கு என்ன எழுதுவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வயலில் மரமும் இல்லை, கிணறும் இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதி ஜன்னல் வழியே கொடுத்தேன்.

சனிக்கிழமை ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் படித்தாள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. மேல்மடைக்காரர் சோதித்துப் பார்த்தார். "வெள்ளிக்கெழம பொழுது சாஞ்சு யாராருக்கு?" அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன் அவள் அந்த வரிசையை மேலிருந்து கீழே சொன்னாள். "அப்ப ஞாயித்துக்கெழம எனக்கு எவ்வளவுங்க?" இதற்கு அண்ணனே பதில் சொன்னார், ஒருமுறை கேட்டதை மனசில் வைத்து. மேல்மடைக்காரர் வெற்றிலையை எடுத்து அண்ணன் கையில் வைத்துவிட்டு, "நடத்துங்க பங்காளி" என்று எழுந்துபோனார். அண்ணன் சாகும்வரைக்கும் அந்த ஊரின் தண்ணீர் முறை அவரிடம்தான் இருந்தது.

அன்றைக்கு எங்கள் வரி வந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான். அவள் தடுமாறவே இல்லை. "கயித்துக்காரங்க வயலுங்க" என்றாள். வாசலில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து நான் அதையே எழுதினேன். அது நல்ல பெயர்தான், ஆனால் ஊர் முழுக்க அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது; எனக்கென்று இருந்தது இரண்டு சனிக்கிழமைதான்.

பெரியவனே, உன் கம்ப்யூட்டர் குரலைப் பற்றி நான் ஒன்று கேட்டேன், நீ சிரித்தாய். அது எல்லாப் பெயரையும் கூச்சமில்லாமல் படிக்குமா என்று கேட்டேன். படிக்கும் என்றாய். அது நல்லதுதான். அந்தக் குரலுக்குப் புருஷன் கிடையாது. ஆனாலும் ஒரே பெயரில் இரண்டு வரி இருந்தால் கேட்கிறவருக்கு எது யார் என்று தெரியாது. அதை மட்டும் பார்த்துக்கொள்.

இதை எழுதும்போது உங்கள் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "ஒருத்தர் பேருமே இல்லீங்களே" என்றாள். ஊர்க்காரர்கள் மனசு நோகக்கூடாது என்பதற்காக விட்டுவிட்டேன் என்று சொன்னேன். மேல்மடைக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர் பெயரை எழுதினால் யாரும் நோகப் போவதில்லை. ஆனால் இங்கே எழுதினால் உங்கள் அம்மா இதை உரக்கப் படிப்பாள்.